வைட்ஃபீல்ட் போய் ஆள் மாறி வந்த கிடார்

பயம் வந்தால் எனக்கு வாய் நீளும். சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வயிறு கலக்கும், எனக்கு ஜோக் வரும். அந்த வெள்ளிக்கிழமை காலையில் நான் அடித்த ஜோக்குகளைக் கேட்டிருந்தால் எவ்வளவு பயந்து போயிருந்தேன் என்று உங்களுக்கே புரிந்திருக்கும். பெர்னதெத் ஆன்ட்டிக்குப் புரிந்தது. அதனால்தான் ஒன்றுக்கும் சிரிக்கவில்லை.

ஆன்ட்டியின் ஆபீஸ் பெங்களூர் விவேக் நகரில், குழந்தை இயேசு கோயிலுக்குப் போகிற தெருவில், மெழுகுவத்திக் கடைக்கு மாடியில் இருக்கிறது. போர்டில் ‘துப்பறியும் நிபுணர்’ என்று போட்டிருந்தாலும் வருகிற கேஸ்களில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணைதான். பையன் குடிப்பானா, சொன்ன சம்பளம் நிஜமா, அமெரிக்கா என்றது அமெரிக்காவா இல்லை அமெரிக்கன் கம்பெனியா. அதற்கு முன்னால் ஆன்ட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். இடிபட்ட காரைச் சுற்றி வந்து, ஓனர் சொல்வது எவ்வளவு பொய் என்று எழுதிக் கொடுக்கிற வேலை. நான் ஜோவிதா, செகண்ட் பி.யூ., அதாவது பன்னிரண்டாவது. காலேஜ் இல்லாத நேரத்தில் ஆன்ட்டிக்கு ரிப்போர்ட் டைப் அடிக்கிறேன். அசிஸ்டென்ட் என்று ஊருக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அன்று கிளையண்ட் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது என் சொந்த அண்ணன் டிரேவர். மேஜைமேல் பிணம் மாதிரி நீட்டிப் படுத்திருந்தது ஒரு பேஸ் கிடார்.

“ஃபர்ஸ்ட்ல இருந்து சொல்லுப்பா” என்றார் ஆன்ட்டி. “இது இன்னா, இது யாரோடது, இது ஏன் இங்க இருக்கு?”

“இது எதுன்னே எனக்குத் தெரியல ஆன்ட்டி. அதான் பிரச்சினையே.”

டிரேவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அவன் சொன்னது இதுதான். அவனிடம் ஒரு பேஸ் இருந்தது. பிரேசர் டவுனில் தியோடர் அங்கிள் ஒவ்வொன்றாகக் கையால் செய்கிற பேஸ். அதை வாங்க டிரேவர் காத்திருந்த காலத்தில் எங்கள் தெருவில் இரண்டு கல்யாணம் நடந்து, அதில் ஒன்று முறிந்தும் போனது. இப்போது அவனுக்கு ஒரு சொகுசுக் கப்பலில், பாட்டு கோஷ்டியில் வேலை கிடைத்திருக்கிறது. வாத்தியம் அங்கேயே கொடுப்பார்களாம். கடலுக்குப் போக வேண்டுமென்றால் முதலில் கரையில் பணம் கட்ட வேண்டும். அதனால் பேஸை விற்பதாக ஆன்லைனில் போட்டான். விலை மூன்றரை லட்சம்.

“வைட்ஃபீல்ட்ல இருந்து கண்ணான்னு ஒருத்தர் வந்தார். ஏதோ ஆப் கம்பெனி வச்சிருக்கார். கொஞ்சம் அட்வான்ஸ் குடுத்துட்டு ரெண்டு நாள் ட்ரையல் கேட்டார். பெரிய விலை வாத்தியத்துக்கு இது வழக்கம்தான் ஆன்ட்டி. வீட்டுக்கு எடுத்துப் போய் வாசிச்சுப் பாக்கலாம். புடிக்கலன்னா திருப்பிக் குடுத்துடலாம். ஒரே கண்டிஷன், கீறல் விழுந்தாலோ கறை பட்டாலோ அது வாங்கினவன் தலையில. முழுப் பணம் குடுத்துடணும்.”

“சரி. எப்ப எடுத்துப் போனான்?”

“ஆயுத பூஜைக்கு முந்தின நாள். நேத்து ஒரு பார்சல் பையன்கிட்ட பேக் திருப்பி வந்துது. நான் ரிகர்சல்ல இருந்தேன். ஜோவிதான் வாங்கி வச்சா.”

“கனமா இருந்துது” என்றேன். “ரெண்டு நாள் வைட்ஃபீல்ட்ல இருந்துட்டு நல்லா சாப்ட்டுட்டு வந்திருக்குன்னு நெனச்சேன்.”

யாரும் சிரிக்கவில்லை.

“சாயந்தரம் திறந்து பாத்தா உள்ள இது இருக்கு ஆன்ட்டி! ஃபேக்டரி சரக்கு. எந்தக் கடைக்குப் போனாலும் கிடைக்கும். நான் போன் பண்றதுக்குள்ள அந்த ஆள்கிட்டருந்து மெசேஜ். ‘நீ குடுத்தது போலி. எக்ஸ்பர்ட்கிட்ட காட்டிட்டேன். நாளைக்கு சாயந்தரம் ஆறு மணிக்குள்ள அட்வான்ஸும், என் மன உளைச்சலுக்கு நஷ்ட ஈடும் வரல, போலீஸ்ல கம்ப்ளெயிண்ட்.’”

கப்பல் கம்பெனிக்குப் போலீஸ் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். அடுத்த வாரம் ஸ்டேஷனில் வெரிஃபிகேஷன். பெயரில் ஒரு கம்ப்ளெயிண்ட் விழுந்தால் கப்பல் போய்விடும். என் அண்ணன் கரையில் நிற்பான். இல்லை, லாக்கப்பில் நிற்பான்.

ஆன்ட்டி எழுந்து அந்தக் கிடாரைச் சுற்றி வந்தார். பழைய இன்ஷூரன்ஸ் நடை. “பேக்ல வச்சு மூடினது யாரு?”

“நான்தான்.”

“பக்கத்துல யாரு இருந்தா?”

“யாரும் இல்ல. ரூம் கதவு சாத்தி இருந்துது.”

“ஏன் சாத்தினே?”

டிரேவர் தரையைப் பார்த்தான். “சும்மாதான்.”

எனக்கு அந்த ‘சும்மாதான்’ பிடிக்கவில்லை. அன்றைக்கு நான் கதவைத் தட்டினேன். “போடி அந்தப் பக்கம்” என்று உள்ளேயிருந்து கத்தினான். என்னிடம் அப்படிக் கத்துகிறவன் இல்லை அவன். இதை நான் ஆன்ட்டியிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. இப்போது, பக்கத்து அறையில் அவன் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போது, உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது, ‘இவனே மாற்றி வைத்திருந்தால்?’

ஆன்ட்டி போனை எடுத்துத் தியோடர் அங்கிளைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

“தியோடர், உன் பேஸ எப்படி அடையாளம் கண்டுபுடிக்கிறது?”

“மொகத்துல வார்னிஷ் இருக்கா பாரு. பளபளன்னு கண்ணாடி மாதிரி இருந்தா அது என் பிள்ள இல்ல. நான் எண்ணெய் மட்டும்தான் தேய்ப்பேன். மரத்துக்கு மேல ஒண்ணுமே கிடையாது. டிரேவரோடது வெள்ளை மேப்பிள் வேற. ஈரக் கையால தொடாதேடா, காபி டம்ளர் பக்கத்துல வைக்காதேடான்னு சொல்லித்தான் குடுத்தேன். அந்த மரம் விட்டா எல்லாத்தையும் குடிச்சிடும்.”

“நம்ம சின்னப்பா மாதிரி” என்றேன்.

“யாரு அது, ஜோவியா? வாயப் பாரு” என்று சொல்லி அங்கிள் வைத்துவிட்டார்.

மேஜைமேல் கிடந்த கிடாரில் என் முகம் தெரிந்தது. கண்ணாடி மாதிரிதான் இருந்தது.

“இது தியோடரோடது இல்லன்னு தெரிஞ்சு போச்சு” என்றார் ஆன்ட்டி. “ஆனா இத வச்சு இன்னா நிரூபிக்க முடியும்? இவன்தான் இத அனுப்பினான்னு அவன் சொல்லுவான். அவன்தான் மாத்தினான்னு இவன் சொல்லுவான். போலீஸ் யார நம்பும்? வைட்ஃபீல்ட் கம்பெனிக்காரனையா, விவேக் நகர் கிடார்காரனையா?”

பதில் எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

“ஜோவி, அந்தப் பேக்கைத் தூக்கு. நாம போய் அந்த மகராசனைப் பாத்துட்டு வரலாம். டிரேவர், நீ வராதே. நீ அவனைப் பாத்தா அடிப்பே.”

“அவன் அடிக்க மாட்டான் ஆன்ட்டி” என்றேன். “பேஸ் வாசிக்கிறவன். பின்னால நின்னு தலைய மட்டும் ஆட்டுவான்.”

மெட்ரோ வரைக்கும் ஆட்டோ பிடித்தோம். தெருவெல்லாம் ஆயுத பூஜைக்கு உடைத்த பூசணிக்காய் சிதறிக் கிடந்தது. எல்லா வண்டியும் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போனது. வண்டிக்கு விபத்து வரக்கூடாது என்று உடைத்த பூசணியில் வருஷா வருஷம் பெங்களூரில் எத்தனை வண்டி சறுக்குகிறது என்று யாராவது கணக்கெடுக்கலாம். எங்கள் ஆட்டோவில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று வாடித் தொங்கியது. கண்ணாடி, ஹாண்டில்பார், ஹாரன், ஸ்டெப்னி எல்லாவற்றிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

“மீட்டர் போடுப்பா” என்றார் ஆன்ட்டி.

“ஓடாது மேடம்.”

மீட்டரைப் பார்த்தேன். அதற்கும் நடு நெற்றியில் பெரிய பொட்டு.

“ஓடாத மீட்டருக்கு எதுக்குண்ணா பொட்டு?” என்றேன்.

“அது சும்மா இருந்தாலும் ஆயுதம்தானேம்மா. ஒண்ண வுட்டு ஒண்ணுக்கு வைக்கக் கூடாது. எங்க வூட்ல மிக்ஸி, டிவி ரிமோட், பொண்ணோட ஜியாமெட்ரி பாக்ஸ் வரைக்கும் வச்சாச்சு.”

ஆன்ட்டி அந்த மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் கிடார் பேக்கைப் பார்த்தார். அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. இடிபட்ட காரின் பெயிண்டில் வேறு நிறப் பெயிண்டைப் பார்த்தால் அவருக்கு வருகிற மௌனம் அது.

மெட்ரோவில் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார். “ஜோவி, உன் அண்ணனை நீ நம்பறியா?”

“ஐயோ ஆன்ட்டி, அவன் ஹோட்டல்ல பில் வந்தா பாத்ரூம் போற ஆளு. அத விட்டா...”

“கேள்விக்கு பதில் சொல்லு.”

எனக்கு ஜோக் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே கட்டடங்கள் உயரமாகிக்கொண்டே வந்தன.

“நான் எப்பவும் முதல்ல சந்தேகப்படறது ஃபீஸ் குடுக்கிறவனைத்தான்” என்றார் ஆன்ட்டி. “அதுல தப்பு ஒண்ணும் இல்ல. கண்ணத் தொடச்சிக்கோ.”

கண்ணாவின் அபார்ட்மெண்ட்டுக்கு இத்தாலியப் பெயர். வாயில் நுழையாத அந்தப் பெயரை நான் இரண்டு தடவை தப்பாகப் படித்தேன். கேட்டில் இருந்த செக்யூரிட்டி தினமும் சொல்கிறவர், அவரும் தப்பாகத்தான் சொன்னார். குறுக்குக் கட்டைக்குப் பொட்டு. அவருடைய விசிலுக்கும் பொட்டு.

“யாவ் ஃப்ளாட் மேடம்?” என்று எந்த ஃப்ளாட் என்பதைக் கன்னடத்தில் கேட்டு டேப்லெட்டை நீட்டினார். அதில் நான்கே வகை மனிதர்கள் இருந்தார்கள். விருந்தாளி, டெலிவரி, வீட்டு வேலை, மற்றவை. ஆன்ட்டியின் புடவையையும் செருப்பையும் ஒரு முறை பார்த்துவிட்டு ‘மற்றவை’யை அழுத்தினார்.

“கண்ணா சார் வீட்டு கிடார் கொண்டு வந்திருக்கோம்னு சொல்லுங்க” என்றார் ஆன்ட்டி.

இண்டர்காமை எடுத்தது ஒரு அம்மாள். குரல் கேட்டுக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. “கிடாரா? சர்வீஸ் முடிஞ்சு வந்துடுத்தா? பேஷ், அனுப்புங்கோ, அனுப்புங்கோ!”

ஆன்ட்டி என் கையை அழுத்தினார். “கேட்டியா? சர்வீஸாம். போலின்னு திருப்பி அனுப்பினத எவனாவது சர்வீஸுக்குக் குடுப்பானா?”

“அப்ப அம்மாகிட்ட பொய் சொல்லியிருக்கான்.”

“அம்மாகிட்ட பொய் சொல்ற பையன் எப்பவும் ஏதோ ஒண்ண ஒளிச்சு வச்சிருப்பான். சிகரெட்டா, பொண்ணா, கிடாரா, அதான் தெரியணும்.”

‘மற்றவை’க்குத் தனி லிஃப்ட். டெலிவரிப் பையன்கள், வேலைக்கு வருகிறவர்கள், நாய்கள் எல்லாம் அதில்தான் போக வேண்டும் என்று எழுதி ஒட்டியிருந்தது. எங்களோடு ஏறிய நாய்க்கும் நெற்றியில் குங்குமம். அது எந்த வேலைக்கு ஆயுதம் என்று கேட்க நினைத்தேன், அதற்குள் மாடி வந்துவிட்டது.

கதவைத் திறந்த அம்மாள் சின்ன உருவம், பெரிய மூக்குத்தி. “நான் சீதாலட்சுமி, கண்ணாவோட அம்மா. வாங்கோ, ஒக்காருங்கோ. கொஞ்சம் பொரி சாப்பிடுங்கோ, பூஜைப் பொரி.”

உட்கார்ந்தோம். நான் சுற்றிலும் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஆட்டோக்காரர் ஞாபகம்தான் வந்தது. டிவிக்குப் பொட்டு. காற்றைச் சுத்தம் செய்கிற மெஷினுக்குப் பொட்டு. தானாகத் தரை பெருக்கும் ரோபோ என் காலடியில் வந்து முட்டியது, அதன் தலையிலும் சந்தனம், குங்குமம், ஒரு செவந்திப் பூ. மூலையில், ஏறி நின்று ஓடுகிற மெஷின் ஒன்று, மேலே துணி காய, சும்மா நின்றது, அதற்கும் பொட்டு.

“எல்லாத்துக்கும் நீங்கதான் வச்சீங்களாம்மா?” என்றார் ஆன்ட்டி, பொரியை மென்றுகொண்டே.

“பின்னே? மல்லேஸ்வரத்துல இருந்து பூஜைக்குன்னே வந்தேன். இவனுக்கு எங்கே தெரியறது? ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வச்சேன், அதுக்கே ஒரு கத்தல். வாரண்டி போயிடுமாம்.”

உள்ளறையிலிருந்து காதில் ப்ளூடூத்தோடு வந்தான் கண்ணா. தாடியை அளவாக வெட்டியிருந்தான். டீ-ஷர்ட்டில் ‘மூச்சு’ என்று எழுதியிருந்தது. அதுதான் அவன் கம்பெனி. மூச்சு விட ஞாபகப்படுத்துகிற ஆப். மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் ‘இப்போது மூச்சை இழுக்கவும்’ என்று சொல்லுமாம். மாதச் சந்தா கட்டாவிட்டால் சொல்லாதாம். அதுவரை இந்த ஊரில் இத்தனை பேர் எப்படி உயிரோடு இருந்தார்கள் என்று தெரியவில்லை.

எங்களையும் பேக்கையும் பார்த்ததும் அவன் முகத்தில் ஒரு சின்ன மாற்றம். “நீங்க யாரு?”

“டிரேவரோட பக்கத்துலருந்து வந்திருக்கோம். பேரு பெர்னதெத். இது என் அசிஸ்டென்ட்.”

அசிஸ்டென்ட்! முதல் தடவையாக ஆன்ட்டி வாயால். அந்தப் பயத்திலும் எனக்கு முதுகு நிமிர்ந்தது.

“லுக் மேடம், நான் மெசேஜ்லயே க்ளியரா சொல்லிட்டேன். எனக்குப் போலி சரக்கை தள்ளிட்டான். நான் நம்பிக்கைய வச்சு பிசினஸ் பண்றவன்.”

“எவ்வளவு நாளா பேஸ் வாசிக்கிறீங்க சார்?” என்று கேட்டேன்.

“வாசிக்கிறதுன்னா... இப்போதைக்கு வீடியோ கால்ல பின்னால மாட்டறதுக்கு. ஒரு க்ரியேட்டிவ் ஃபவுண்டர்னா பின்னால ஏதாவது இருக்கணும் இல்ல. என் இன்வெஸ்டர் பின்னால ஒரு குதிர சேணம் இருக்கு.”

“அவரு குதிர ஓட்டுவாரா?”

“அவருக்கு குதிரன்னா அலர்ஜி.”

ஆன்ட்டி அதற்குள் பேக்கின் ஜிப்பை இழுத்துக் கிடாரை வெளியே எடுத்திருந்தார். “அம்மா, நீங்க பெரியவங்க. இதக் கொஞ்சம் பாருங்க.”

“அம்மா, நீ உள்ள போ” என்றான் கண்ணா, அவசரமாக.

அம்மாள் போகவில்லை. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்தார். “இது என்ன? நம்மாத்து வீணை இது இல்லையே!”

“வீணையா?”

“நாலு தந்தி, நீள தண்டி, அடியில கட்டையா சத்தம். எனக்கு வீணைதான். சரஸ்வதிக்கு முன்னால வைக்காம வேற எங்க வைப்பா? பூஜையில முதல் பொட்டே அதுக்குத்தான் வச்சேன். அது வெள்ளையா, தந்தம் மாதிரின்னா இருந்தது. இது பீரோ மாதிரி மின்னறதே.”

ஹாலில் ரோபோ மட்டும் பெருக்கிக்கொண்டிருந்தது.

“கேட்டீங்களா சார்?” என்றார் ஆன்ட்டி மெதுவாக. “இந்த வீட்ல பெருக்கற மெஷின்லருந்து பெல் வரைக்கும் பொட்டு இருக்கு. ரெண்டு நாள் இங்க இருந்துட்டு வந்த இந்தக் கிடார்ல மட்டும் ஒரு புள்ளி இல்ல. பூஜையன்னிக்கு இது இங்க இல்ல. அப்ப எது இருந்துது?”

நான் கத்தியிருப்பேன். அப்படி ஒரு சந்தோஷம் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் கண்ணா சிரித்தான். முதலீட்டாளரைச் சமாளித்துப் பழகிய சிரிப்பு.

“சிம்பிள். திருப்பி அனுப்பும்போது துடைச்சிட்டேன். இந்த மாதிரி பாலிஷ்ல ஈரத் துணியால ஒரு இழு இழுத்தா போச்சு. வேணும்னா ட்ரை பண்ணிப் பாருங்க. அம்மாவுக்கு வயசாச்சு, கலர் ஞாபகம் இருக்காது. இதுதான் நீங்க கண்டுபுடிச்சதா? போலீஸ்ல இதச் சொல்லுங்க, டீ வாங்கித் தருவாங்க.”

என் சந்தோஷம் அப்படியே கீழே இறங்கியது. அவன் சொன்னது சரி. கண்ணாடி மாதிரி பாலிஷ். குங்குமம் அதில் ஒட்டவே ஒட்டாது. ஆறு மணி, ஸ்டேஷன், கப்பல் எல்லாம் மறுபடி கண் முன்னால் வந்து நின்றன. ஆன்ட்டியைப் பார்த்தேன். அவர் இன்னொரு கை பொரி எடுத்துக்கொண்டார். கண்ணாவைப் பார்க்கவே இல்லை. அம்மாளைப் பார்த்தார்.

“துடைச்சா போயிடுச்சாம்மா?”

“எங்கே போச்சு!” சீதாலட்சுமி அம்மாள் நெற்றியில் தட்டிக்கொண்டார். “அதத்தானே ரெண்டு நாளா இவன் என்னோட சண்டை! வச்ச உடனே வெள்ளை வேஷ்டியில விழுந்த மாதிரி அந்தக் கட்ட குங்குமத்தக் குடிச்சுடுத்து. ஈரத் துணியால துடைச்சேன், பரவித்து. தேங்காயெண்ணெய் போட்டேன், இன்னும் பரவித்து. இவன் வந்து பாத்துட்டு, கைய அலம்பறதுக்கு வச்சிருக்கானே, ஸ்பிரிட் வாசனை, அதக் கொட்டித் தேய்ச்சான். ஒரு வெத்தலை அளவுக்கு ஆயிடுத்து. ‘பாழாக்கிட்டியே’ன்னு ஒரே கூச்சல். பெங்களூர்லயே பெரிய சர்வீஸ்காரன்கிட்ட குடுத்திருக்கேன்னு சொன்னான். அதான் நீங்க வந்தேளேன்னு...”

அம்மாள் பாதியில் நிறுத்தினார். மகனைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மேஜைமேல் இருந்த கிடாரைப் பார்த்தார். அவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“கண்ணா.”

“அம்மா, இது ஒரு காம்ப்ளெக்ஸ் சிச்சுவேஷன்...”

“அந்த வீணை எங்கேடா?”

அந்த நேரம் பார்த்து அவன் மணிக்கட்டிலிருந்து ஒரு பெண் குரல் இனிமையாகச் சொன்னது: “இப்போது மூச்சை இழுக்கவும்.”

“இழுங்க சார்” என்றேன். “சந்தா கட்டியிருக்கீங்க.”

தியான அறை என்று ஒரு சின்ன அறை. ‘உள்ளே அமைதி, தொந்தரவு செய்யாதீர்கள்’ என்று கதவில் எழுதியிருந்தது. உள்ளே அமைதியோடு அமைதியாக, யோகா பாய்க்குள் சுருட்டி நிறுத்தியிருந்தது டிரேவரின் பேஸ். ஆன்ட்டி பாயைப் பிரித்தார். வெள்ளை மரத்தின் நடுவில், சரியாகக் கை படுகிற இடத்தில், சிவப்பாக ஒரு பெரிய கறை. நான் விரலால் தொட்டுப் பார்த்தேன். மேலே ஒன்றும் ஒட்டவில்லை. நிறம் உள்ளே போயிருந்தது.

கண்ணா சோபாவில் சரிந்தான். “நான் திருடன் இல்ல மேடம். நிஜமாவே திருப்பிக் குடுக்கத்தான் நெனச்சேன். கறை பட்டா முழுப் பணம்னு கண்டிஷன். மூன்றரை லட்சம்! ஒரு பொட்டுக்கு! அதான் கடையில ஒண்ணு வாங்கி, நாம முதல்ல கம்ப்ளெயிண்ட் பண்ணிட்டா அவன் பயந்துடுவான்னு...”

“பயந்துட்டோம்” என்றேன். ஜோக்காகத்தான் சொல்ல நினைத்தேன். குரல் உடைந்துவிட்டது. “எங்கண்ணனுக்குப் போலீஸ் சர்டிபிகேட் வேணும் சார். அது இல்லன்னா அவன் கப்பல் ஏற முடியாது. நேத்து ராத்திரி அவன் சாப்பிடல.”

சீதாலட்சுமி அம்மாள் மகன் பக்கம் திரும்பினார்.

“பணத்த அனுப்பு.”

“அம்மா, கொஞ்சம் நெகோஷியேட் பண்ணி...”

“சரஸ்வதிக்கு முன்னால வச்ச வாத்தியத்த யோகா பாயில சுருட்டி வச்சிருக்கே. பொட்டு வச்சது நான், அது நம்மாத்துது. அந்தப் பையனுக்கு மீதிப் பணம் முழுசும் இப்போ போகணும். அப்புறம் மன்னிப்புக் கடுதாசி.”

கண்ணா போனில் தட்டினான். பணம் போனது. மன்னிப்பு லேசில் வரவில்லை. ‘இரு தரப்புக்கும் இடையே ஏற்பட்ட ஒரு தகவல் இடைவெளியால்’ என்று ஆரம்பித்தான். அம்மாள் எட்டிப் பார்த்தார்.

“இடைவெளியாவது, மண்ணாவது. ‘தப்பு பண்ணேன், பொய் சொன்னேன், உங்க பேர்ல எந்தக் குத்தமும் இல்ல’ன்னு எழுது. பேர் போடு.”

எழுதினான். ஆன்ட்டி அதைத் தன் போனுக்கும் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார். பழைய இன்ஷூரன்ஸ் பழக்கம்.

கிளம்பும்போது அம்மாள் நிறுத்தினார். “விஜயதசமியன்னிக்கு பூஜையில வச்ச வாத்தியத்த எடுத்து வாசிக்கணும். இவன்கிட்டச் சொன்னேன், கை சுளுக்குன்னான். இப்போதான் தெரியறது, இவனுக்கு ஒரு ஸ்வரம்கூட வராது.” தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பேஸை வீணை மாதிரி மடியில் படுக்க வைத்து, தடித்த தந்தியைச் சுண்டினார். ஆம்ப் இல்லை, ஒயர் இல்லை. சத்தம் சின்னதாகத்தான் வந்தது. ஆனால் பொரிக் கிண்ணத்தில் ஸ்பூன் அதிர்ந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தந்திக்குப் போனார். தேடித் தேடி, ஒவ்வொரு ஸ்வரமாகப் பிடித்தார்.

ஆன்ட்டி என்னைத் தோளில் தட்டி வெளியே அழைத்து வந்தார். அந்த ஃபேக்டரி கிடாரை மட்டும் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வந்தோம். இன்வெஸ்டருக்குக் காட்ட ஏதாவது வேண்டும் இல்லையா.

லிஃப்டில் கேட்டேன். “அவன் துடைச்சிட்டேன்னு சொன்னப்ப நீங்க பயப்படவே இல்லையே ஆன்ட்டி?”

“பயந்தேன். அதான் ரெண்டாவது கை பொரி எடுத்தேன்.”

வீட்டுக்கு வந்தபோது டிரேவர் வாசலில் நின்றுகொண்டிருந்தான். பணம் வந்த மெசேஜும் மன்னிப்பும் அவனுக்கு ஏற்கெனவே வந்திருந்தன. குதிப்பான் என்று நினைத்தேன். அவன் கேட்டது ஒன்றுதான்.

“அந்தக் கறை... ரொம்ப மோசமா இருக்கா?”

“வெத்தலை சைஸ். அந்தம்மா மடியில வச்சு வாசிக்கிறாங்க. உன்னைவிட பெட்டர்.”

தலையாட்டினான். உள்ளே போகத் திரும்பினான். இப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்க முடியாது என்று எனக்குத் தோன்றியது.

“அண்ணா. அன்னிக்கு பேக் பண்ணும்போது கதவ ஏன் சாத்தினே? என்னை ஏன் போன்னு கத்தினே?”

அவன் காதைச் சொறிந்துகொண்டு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்.

“கடைசியா ஒரு தடவ வாசிச்சிட்டு இருந்தேன். அழுதுட்டேன். நீ பாத்தா கிண்டல் பண்ணுவேன்னு சாத்தினேன்.”

நான் வாயைத் திறந்தேன். வழக்கமாக அந்த நேரத்தில் ஏதாவது ஒன்று தானாக வந்து விழும். வரவில்லை.